கண்டெய்னர் வீட்டுக்குச் சாதாரண வீட்டுப் பாலிசி போதுமா?

கேள்வி: குமுளியிலிருந்து ஒரு வாசகர், 12 மே 2024

அக்கா, குமுளிக்கும் ஆனக்கரைக்கும் நடுவில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. அதில் 40 அடி கண்டெய்னர் வீடு ஒன்றை இறக்கப் போகிறோம். கோயம்புத்தூரில் செய்து லாரியில் வருகிறது. "சக்கரம் இல்லை, தரையில் நிற்கிறது, அதனால் அது வீடு. வீட்டுப் பாலிசியே போதும்" என்கிறார் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஃப்ளோரிடாவில் இருக்கும் என் அத்தை மகனோ, "நாங்கள் இருப்பது மொபைல் ஹோம். அதற்கென்றே தனிப் பாலிசி. சாதாரண வீட்டுப் பாலிசியை இதற்குத் தரமாட்டார்கள்" என்கிறான். யார் சொல்வது சரி?

12 மே, இரவு 9.40

இரண்டு பேரும் அவரவர் ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் தம்பி, உங்கள் ஏஜெண்ட் சொன்னது பெட்டி தரையில் உட்கார்ந்த பிறகு நடப்பதைப் பற்றி மட்டும். அது கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வரும்போது சரக்கு. கிரேனில் தொங்கும்போது அது யாருடைய பொறுப்பு என்பதில் மூன்று பேர் சண்டை போடுவார்கள். தரையில் இறங்கி, மின்சாரமும் தண்ணீரும் இணைத்து, நீங்கள் படுத்துத் தூங்கிய பிறகுதான் அது வீடு. இந்த மூன்று நிலைக்கும் ஒரே பாலிசி கிடையாது. எங்களுக்கு நஷ்டம் வந்தது நடு நிலையில்.

நாளை விரிவாக எழுதுகிறேன். அதுவரை பிரீமியம் கட்டிவிடாதீர்கள்.

13 மே, காலை 6.15

எங்கள் தோட்டம் ஆனக்கரைப் பக்கம், 2 ஏக்கர். குடியிருப்பது கம்பத்தில். விடியும் முன்பே தொழிலாளப் பெண்கள் ஏறும் ஜீப்புகளுக்குப் பின்னாலேயே நாங்களும் கம்பம்மெட்டு ஏறுவோம், இருட்டுவதற்குள் இறங்குவோம். காய் எடுப்பு நாட்களில் மேலேயே தங்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் 2021இல் 20 அடிக் கண்டெய்னர் ஒன்றை வாங்கினோம். 20 அடி நீளம், 8 அடி அகலம், மொத்தம் 160 சதுர அடி. என் மாமியார் இன்று வரை அதை "பெட்டி" என்றுதான் சொல்வார். "பெட்டியில் அரிசி இருக்கிறதா?" என்று கேட்டால் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பொருள்.

பெட்டி வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். லாரி மலைப்பாதையை நல்லபடியாக ஏறிவிட்டது. தோட்டத்து வாசலில் கிரேன் தூக்கித் திருப்பும்போது வடகிழக்கு மூலை பலா மரத்தில் இடித்தது. பெரிய சத்தம்கூட இல்லை. தகரப் பாத்திரத்தை நழுவவிட்டது போல ஒன்று. போய்ப் பார்த்தால் கூரையின் ஓரம் ஒரு முழ நீளத்துக்கு உள்ளே மடங்கியிருந்தது, ஜன்னல் சட்டம் கோணியிருந்தது. விற்றவர், "லாரியை விட்டு எழும்பியதும் உங்கள் பொருள்" என்றார். கிரேன்காரர், "வாடகைக்கு வந்தேன், மரம் உங்களுடையது" என்றார். லாரிக்காரர் வாடகையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். சரிசெய்ய 23,000 ரூபாய் ஆனது, நாங்கள்தான் கொடுத்தோம்.

அதற்கென்று இருப்பது உள்நாட்டுச் சரக்குப் போக்குவரத்துக் காப்பீடு. கடல் இல்லாத ஊரிலும் அலுவலகத்தில் இதை 'மரைன்' பிரிவில்தான் கேட்க வேண்டும். ஏ, பி, சி என்று மூன்று வகை விதிகள். சி என்பது தீயும் மின்னலும் மட்டும். பி எடுத்தால் மோதல், கவிழ்தல், பாலம் உடைதல் ஆகியவை சேரும். விலக்கு என்று எழுதியவை நீங்கலாக எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பது ஏ. "டிரான்சிட் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறோம்" என்று விற்பவர் சொன்னால் எந்த எழுத்து என்று கேளுங்கள். கிரேனில் தூக்கி மேடையில் வைக்கும் வரை செல்லுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. 40 அடி டிரெய்லர் உங்கள் தோட்டத்து வளைவுகளில் திரும்புமா என்று லாரிக்காரரை முதலில் கூட்டிவந்து காட்டுங்கள். நாங்கள் 20 அடிக்கு இறங்கியதற்கு அந்த வளைவுகள்தான் காரணம்.

14 மே, மாலை 5.00

இப்போது தரையில் நிற்கும் நிலைக்கு வருகிறேன். ஏஜெண்ட் சொல்லும் வீட்டுப் பாலிசி பெரும்பாலும் 'பாரத் கிரிஹ ரக்ஷா'வாகத்தான் இருக்கும். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தோடு விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்தது. நிறுவனம் மாறினாலும் அடிப்படை விதிகள் மாறாது என்பது நம்மைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி!

தீ, வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, பாறைச்சரிவு, காட்டுத்தீ, வெளியிலிருந்து ஒரு பொருள் மோதுவது, கலவரம், தண்ணீர்த் தொட்டி வெடிப்பது எல்லாம் இதில் அடங்கும். வெள்ளத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. வீட்டுப் பொருட்களுக்குக் கட்டடத் தொகையில் 20 விழுக்காடு வரை, அதிகபட்சம் 10 லட்சம், பட்டியல் கொடுக்காமலேயே தானாகச் சேரும். எங்கள் பெட்டிக்கு 6.5 லட்சம் போட்டோம், பொருட்களுக்கு 1.3 லட்சம் தானாகச் சேர்ந்தது. நகைக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். ரொக்கம் சேராது.

'வீடு' என்பதற்கு அதில் உள்ள விளக்கம் அடைக்கப்பட்ட அமைப்பு, கூரை, குடியிருப்பாகப் பயன்படுவது. இரும்புப் பெட்டி இதற்குள் வரும் என்றுதான் நான் படிக்கிறேன். ஆனால் மரப்பலகை, ஓலை, மூங்கில், தார்ப்பாய், பிளாஸ்டிக் துணி ஆகியவற்றால் சுவரோ கூரையோ இருந்தால் அது 'கச்சா' கட்டுமானம், அதற்கு வேறு கணக்கு. ஆகவே படிவத்தில் "வீடு" என்று ஒற்றைச் சொல் எழுதவிடாதீர்கள். "எஃகுக் கண்டெய்னர், கான்கிரீட் தூண்கள் மேல், குடியிருப்பு" என்று முழுதாக எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

திருட்டும் இதில் சேரும், எங்கள் ஏஜெண்ட் சொன்னார்.

14 மே, இரவு 11.20

மேலே திருட்டு பற்றி எழுதியது தவறு. பாலிசித் தாளை எடுத்து இப்போதுதான் படித்தேன். தீயோ வெள்ளமோ போன்ற ஒரு விபத்து நடந்து, அதைத் தொடர்ந்து 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே சேரும். சாதாரண நாளில் பூட்டை உடைத்து எடுத்துப் போனால் இந்தப் பாலிசியில் ஒன்றும் கிடைக்காது. அதற்குக் கன்னக்களவுப் பாலிசி தனி. அதிலும் பூட்டையோ கதவையோ உடைத்த அடையாளம் கேட்பார்கள்.

மூன்று வருடமாக நாங்கள் திருட்டுக்கும் காப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஆளில்லாத தோட்டத்தில் கேஸ் அடுப்பு, மருந்தடிக்கும் பம்பு, மகன் வாங்கிக் கொடுத்த டிவி எல்லாவற்றையும் வைத்துவிட்டு இறங்கியிருக்கிறோம். நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

15 மே

ஒருவர் தனிச் செய்தியில் கேட்டிருக்கிறார்: காய்ந்த ஏலக்காய் மூட்டையைக் கண்டெய்னரில் வைத்தால் அதுவும் வீட்டுப் பொருளா? இல்லை. வீட்டு உபயோகப் பொருள் என்பதுதான் பாலிசியின் சொல். ஏல விற்பனைக்குப் போக வேண்டிய மூட்டை வியாபாரச் சரக்கு. குழம்புக்கு வைத்திருக்கும் கைப்பிடிக் காய் வேண்டுமானால் வீட்டுப் பொருள். ஸ்டோரில் உலர்த்தியதும் புற்றடி ஏல மையத்துக்கு அனுப்பிவிடுங்கள், அல்லது சரக்குக்குத் தனியாகக் காப்பீடு எடுங்கள்.

19 மே, ஞாயிறு

உங்கள் அத்தை மகன் சொன்னதைப் பற்றி. என் அக்கா மகளும் அந்த நாட்டில் இருக்கிறாள், டெக்சாஸில். திருமணமான புதிதில் நான்கு வருடம் மொபைல் ஹோமில் இருந்தவள் என்பதால் அவளை இரண்டு மணி நேரம் தொலைபேசியில் குடைந்தேன்.

அங்கே அது தொழிற்சாலையில் செய்து, அடியில் இரும்புச் சட்டமும் சக்கரமும் வைத்து இழுத்துவரும் வீடு. 1976 ஜூன் 15இல் நடுவண் அரசின் வீட்டு வசதித் துறையின் கட்டுமான விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் செய்தவற்றைத்தான் 'மொபைல் ஹோம்' என்பார்கள். பின் செய்தவற்றுக்குச் சட்டத்தில் வேறு பெயர், 'மேனுஃபேக்சர்டு ஹோம்'. மக்கள் வாயில் மட்டும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த 1976 விதிக்கு முந்தைய வீடு என்றால் காப்பீடு கிடைப்பதே பாடு என்கிறாள்.

சாதாரண வீடுகளுக்கு அங்கே எச்.ஓ-3 என்ற படிவம், இவற்றுக்கு எச்.ஓ-7. அவள் திரும்பத் திரும்பச் சொன்னது இழப்பீட்டுக் கணக்கைப் பற்றி. 'மாற்று விலை' என்று எழுதியிருந்தால் புதியது வாங்கும் தொகை. 'நடப்பு மதிப்பு' என்று எழுதியிருந்தால் தேய்மானம் கழித்த தொகை. 15 வருட வீட்டுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம்! அவளுடைய பக்கத்து வீட்டுக்காரம்மா மாதாமாதம் ஒழுங்காகக் கட்டியும், வீடு எரிந்தபோது கிடைத்த தொகையில் ஒரு பழைய கார்தான் வாங்க முடிந்ததாம்.

1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃப்ளோரிடாவை அடித்தபோது இத்தகைய வீடுகள் அட்டைப் பெட்டி போலச் சிதறின. 1994இல் காற்று விதிகளைக் கடுமையாக்கினார்கள். தரையில் நங்கூரம் அடித்து எஃகுப் பட்டையால் கட்டியிருக்க வேண்டும். வெள்ளம் அங்கே வீட்டுப் பாலிசியில் வராது. அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியாக எடுக்க வேண்டும், பெரும்பாலும் 30 நாள் காத்திருந்த பிறகுதான் அது உயிர்பெறும். புயல் வருகிறது என்று செய்தி கேட்டு ஓடிப்போய் எடுக்க முடியாது. வீட்டை இன்னோர் இடத்துக்கு இழுத்துப் போவதானால் அந்தப் பயணத்துக்கும் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும். கிரேனில் தொங்கிய எங்கள் பெட்டி நினைவுக்கு வருகிறதா?

ஆகவே தம்பி, அவர்களுடைய பாலிசி நமக்குப் பொருந்தாது. ஆனால் அவர்கள் கேட்கும் மூன்று கேள்விகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: தரையோடு எதனால் கட்டியிருக்கிறது, நகர்த்தினால் என்ன ஆகும், எந்த விலைக்குக் கணக்கு?

2 ஜூன்

2022 ஜூலையில் எங்கள் பெட்டியின் மேல் பழைய ஆயினி மரம் ஒன்று விழுந்தது. நல்ல காற்று மழை, நாங்கள் கம்பத்தில் இருந்தோம். பக்கத்துத் தோட்டத்து மேஸ்திரி தொலைபேசியில், "அம்மா, உங்கள் வீடு நடுவில் உட்கார்ந்துவிட்டது" என்றார். மேலே போய்ப் பார்த்தபோது கூரை, தொட்டில் துணி போலத் தொய்ந்து, அதில் மழைத் தண்ணீர் தேங்கி, ஆயினி இலைகள் மிதந்துகொண்டிருந்தன. நான் உடனே பக்கெட்டை எடுத்து இறைக்கப் போனேன். கணவர் தடுத்தார்: "முதலில் படம் எடு." அந்தப் படங்கள்தான் பிறகு எங்களைக் காப்பாற்றின.

சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் மூன்றாம் நாள் வந்தார். இளைஞர். வண்டிச் சாவியால் கூரைத் தகட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்றும் துரு ஏறிய இடத்தில் பொத்தென்றும் கேட்டது. துருப்பிடித்த இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டார். "இது மரம் விழுந்ததால் வந்தது இல்லையே அம்மா" என்று அவர் கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை.

நாங்கள் கேட்டது 1,42,000. முன்புறம் நாங்களாக இறக்கிய மரப்பலகைத் திண்ணையும் ஓலைச் சார்ப்பும் படிவத்தில் இல்லை என்று 15,000 போனது. துருவுக்கு 6,000, பழைய தகட்டின் கழிவு விலை 3,000. கிடைத்தது 1,18,000. விழுந்த மரத்தை அறுத்து அகற்ற 9,000 செலவழித்திருந்தோம். இடிபாடு அகற்ற இழப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடுதான் என்பது விதி, அதனால் 2,360 வந்தது.

அந்தத் திண்ணைக்கு இன்னும் மனசு ஆறவில்லை. சார்ப்பு போட்ட அன்றே ஒரு கடிதம் எழுதிச் சேர்த்திருந்தால் முடிந்திருக்கும். நீங்கள் திண்ணை, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டித் தாங்கி, சோலார் தட்டு எது சேர்த்தாலும் அந்த வாரமே எழுத்தில் தெரிவியுங்கள்.

3 ஜூன்

நேற்று எழுதியதில் விட்டது. அடுத்த மழையில் மூலை இணைப்பில் நீர் கசிந்து மெத்தையும் போர்வைகளும் பூஞ்சை பிடித்தன. கேட்டோம், கிடைக்கவில்லை. நாளாக நாளாகக் கசிவதும் துருப்பதும் தேய்மானம், எந்தப் பாலிசியும் அதற்குத் தராது. ஏலமலையின் ஈரத்தில் கண்டெய்னருக்கு முதல் எதிரி துருதான். வருடத்துக்கு ஒருமுறை பெயிண்டுக்கும் இணைப்புப் பசைக்கும் ஒதுக்குகிற பணத்தைப் பிரீமியத்தோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

9 ஜூன்

சின்னக்கானலில் இருந்து ஒருவர்: "யானை இடித்தால்?" நியாயமான கேள்வி. போன வருடம் மே மாதக் கடைசியில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகருக்குள்ளேயே வந்துவிட்டது. எங்கள் தெருவில் இரண்டு நாள் யாரும் வெளியே இறங்கவில்லை. அரிசிக்காக ரேஷன் கடைச் சுவரையே உடைத்துப் பழகிய யானைக்குக் கண்டெய்னர் கதவு எம்மாத்திரம்?

பழைய தீ காப்பீட்டுப் பாலிசியில், நமக்குச் சொந்தமில்லாத விலங்கு நேராக மோதிய சேதம் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. புதிய வீட்டுப் பாலிசியில் "வெளிப்புறப் பொருள் ஏதேனும் மோதுதல்" என்று பொதுவாக இருக்கிறது, உதாரணமாக வாகனமும் மரமும் சொல்லியிருக்கிறார்கள். யானைக்காடு உள்ள ஊர்க்காரர்கள் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, "காட்டு விலங்கு மோதினால் இதில் அடங்குமா" என்று கேட்டு, பதிலைப் பாலிசியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அரிசியை உள்ளே வைக்காதீர்கள்.

4 ஆகஸ்ட்

ஐந்து நாட்களாக இங்கே எழுத முடியவில்லை. ஜூலை 30 விடிவதற்குள் நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் போய்விட்டன. வயநாடு எங்களுக்குத் தூரம், ஆனால் மலையில் வாழ்கிற யாருக்கும் அது தூரமில்லை. இந்த வாரம் பாலிசி விதிகளைப் பேச மனம் வரவில்லை.

6 ஆகஸ்ட்

இன்று பெட்டிமுடியின் நான்காம் ஆண்டு. 2020இல் இதே நாள் இரவில் ராஜமலைப் பக்கத்தில் மண் இறங்கி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. 70 உயிர்கள், பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைக்கு முன்னால் கொழுந்து கிள்ள வந்தவர்களின் பிள்ளைகள்.

ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமில்லை, அதனால் "நமக்கு எதற்கு வீட்டு இன்சூரன்ஸ்" என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் உள்ளே இருக்கும் பீரோ, கட்டில், தையல் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் அவர்களுடைய சம்பளத்தில் வாங்கியவை. பாரத் கிரிஹ ரக்ஷாவைக் கட்டடம் இல்லாமல் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். வாடகைக்கு இருப்பவரும் எடுக்கலாம். கணவன் மனைவி இருவருக்கும் தலா 5 லட்சம் விபத்து மரணக் காப்பைக் கூடுதலாகச் சேர்க்கவும் அதில் வழி இருக்கிறது. இதை எந்த ஏஜெண்டும் லயத்துக்கு ஏறிவந்து சொல்வதில்லை. மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கம் உறவினர் இருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

11 ஆகஸ்ட்

மே 12ஆம் தேதி நான் எழுதியதைத் திருத்த வேண்டும். லாரி, கிரேன், தரை என்று மூன்று நிலை சொன்னேன். தரையை எளிதாகக் கடந்துவிட்டேன். இப்போது கேட்டால் முதல் கேள்வி மண்ணைப் பற்றித்தான் கேட்பேன்.

நிலச்சரிவு பாலிசியில் இருக்கிறது என்று மே 14இல் எழுதினேன். இருக்கிறது. ஆனால் அதன் கீழேயே விலக்குகள்: புதுக் கட்டுமானம் இயல்பாக அமர்வதால் வரும் விரிசல், நிரப்பிய மண் இறங்குவது அல்லது நகர்வது, ஆறு அரிப்பது, தவறான வடிவமைப்பு, மண் தோண்டும் வேலையால் வரும் சேதம்.

நம் மலையில் கண்டெய்னரை எங்கே வைக்கிறோம்? சரிவை ஒரு பக்கம் ஜேசிபியால் வெட்டி, வெட்டிய மண்ணையே மறுபக்கம் கொட்டிச் சமன்படுத்தி, அதன் மேல். பெட்டியின் பாதி வெட்டிய நிலத்திலும் பாதி நிரப்பிய மண்ணிலும் நிற்கும். எங்களுக்குக் கீழ்த் தோட்டத்துக்காரர் 2023இல் அப்படித்தான் வைத்தார். இரண்டாவது மழையில் நிரப்பிய பக்கம் ஒன்றரை அடி இறங்கியது. கதவு திறக்கவில்லை, கழிவறைக் குழாய் முறிந்தது. அவர் நிலச்சரிவு என்று கேட்டார். வந்து பார்த்தவர் பழைய நிலமட்டம் எங்கே என்று கேட்டு, வெட்டிய சுவரில் செம்மண் நிறம் மாறும் கோட்டைக் காட்டினார். மேலே நிரப்பிய மண், கீழே அசல் மண். கிளைம் தள்ளுபடி ஆனது.

அவர் ஏமாற்றவில்லை. தெரியாது. ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். எனக்கு அந்த நிறுவனத்தின் மேல் கோபம் வந்தது, இன்றும் இருக்கிறது. பிரீமியம் வாங்கும்போது ஒரு வரி கேட்டிருக்கலாமே, மேடை எப்படிப் போட்டீர்கள் என்று?

குமுளித் தம்பி, நான்கு மூலைத் தூண்களின் குழியும் அசல் மண்ணில் இறங்கட்டும். குழி தோண்டியதும், கான்கிரீட் போடும் முன், அளவு நாடாவை உள்ளே விட்டுப் படம் எடுங்கள். மூடிய பிறகு அதை நிரூபிக்க வழியே இல்லை.

18 ஆகஸ்ட்

சக்கரம் உள்ளவை பற்றி ஒருவர் கேட்டார். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, 2022இல் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா வந்தது. அப்படிப்பட்ட வண்டி, நின்ற இடத்திலேயே வருடம் முழுதும் நின்றாலும், மோட்டார் வாகனம்தான். மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சொந்தச் சேதப் பகுதியில் வெள்ளம், நிலச்சரிவு, திருட்டு எல்லாம் வரும். ஓடும்போது நடப்பதும் வரும். தொகை மட்டும் வருடா வருடம் குறையும்: 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்கு 15 விழுக்காடு கழிவு, நான்கு முடிந்து ஐந்தாம் வருடத்தில் 50. உதிரிப்பாகம் மாற்றினால் ரப்பர், பிளாஸ்டிக்கில் பாதி உங்கள் கையிலிருந்து, ஃபைபரில் 30 விழுக்காடு. உள்ளே இருக்கும் துணிமணி, அடுப்பு எதற்கும் அது பொறுப்பில்லை.

விருந்தினருக்கு வாடகைக்கு விடுவது வேறு. கண்டெய்னரானாலும் சரி, ஹோம்ஸ்டே என்று பலகை மாட்டிய நாளிலிருந்து அது தொழில். 5 கோடி வரையிலான சிறு தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி உண்டு, அதைக் கேளுங்கள். குடியிருப்பு என்று எழுதிவிட்டு வாடகை வாங்காதீர்கள்.

21 செப்டம்பர்

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் நியாயமாக இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் வரை கேட்கலாம், மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள். கேரளத்துக்கு அலுவலகம் கொச்சியில், தமிழ்நாட்டுக்குச் சென்னையில். நிறுவனக் கிளை இருக்கும் இடமோ நாம் குடியிருக்கும் இடமோ எந்த எல்லைக்குள் வருகிறதோ அங்கே கொடுக்கலாம். கிளை குமுளியில், வீடு கம்பத்தில் என்றால் இரண்டில் எது வசதியோ அது. தமிழில் எழுதிக் கொடுக்கச் சென்னையே எனக்குச் சுலபம். கீழ்த் தோட்டத்துக்காரரைப் போகச் சொல்லியிருக்கிறேன், கெடுவுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஆணையத்தின் 155255 எண்ணிலும் முதல் புகாரைப் பதிவு செய்யலாம்.

சர்வேயரை 24 மணி நேரத்தில் நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அடுத்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்று ஆணையம் இந்த வருடம் சொல்லியிருக்கிறது. தேதிகளைக் குறித்து வையுங்கள்.

வீட்டைப் பல நாள் பூட்டி வைப்பவர்கள் கவனிக்க: பழைய தீ பாலிசியில் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் காப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை இருந்தது. உங்கள் தாளில், முக்கியமாகத் திருட்டுப் பகுதியில், அப்படி ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நாங்கள் இப்போது காய் இல்லாத மாதங்களிலும் இரண்டு வாரத்துக்கு ஓர் இரவு மேலே தங்குகிறோம். மின்கட்டண ரசீதில் அது தெரியும்.

5 அக்டோபர்

குமுளித் தம்பி எழுதியிருக்கிறார். 40 அடியை விட்டுவிட்டு இரண்டு 20 அடிப் பெட்டிகளாக மாற்றிக்கொண்டாராம். லாரிக்காரர் வந்து வளைவைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டாராம். ஏ வகைப் போக்குவரத்துக் காப்பீடு, கிரேன் இறக்குவது உட்பட, எழுத்தில் வந்துவிட்டது. தூண் குழிப் படங்களையும் அனுப்பினார். மூன்று குழிகளில் அசல் செம்மண் தெளிவாகத் தெரிகிறது. தென்மேற்குக் குழியில் கரியும் வேரும் கலந்து கிடக்கிறது தம்பி, அது கொட்டிய மண். இன்னும் இரண்டடி இறக்குங்கள். பெட்டிகள் வெள்ளிக்கிழமைதான் வருகின்றன, நேரம் இருக்கிறது.

படிவத்தில் "இரண்டு எஃகுக் கண்டெய்னர்கள், நடுவில் இணைத்தது" என்று இருக்கட்டும். ஒன்று என்று எழுதிவிட்டால் மற்றொன்று யாருடையது என்று கேட்பார்கள். பெட்டி லாரியில் இருக்கும்போதே அடிப்பாகத்தையும் நான்கு மூலைகளையும் படம் எடுத்துவிடுங்கள். நான் வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்கு வந்துவிடுகிறேன். வாசலில் பலா மரம் இருந்தால் வியாழக்கிழமையே கிளையைக் கழித்து வையுங்கள்.